‘போர்டு போச்சு’ என்று சொல்வதற்கு முன்

கடலோர ஊர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போன். ரத்த வாயுக்களை அளக்கும் ஏபிஜி மெஷினில் காலையில் மட்டும் பிஎச் கேலிபரேஷன் (அளவு தெரிந்த திரவத்தை வைத்து அமில-கார அளவீட்டைச் சரிபார்ப்பது) ஃபெயில் ஆகிறதாம். பதினொரு மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிடுகிறதாம். பிஎச்சை உணரும் சென்சாரான எலக்ட்ரோடைப் புதிதாகப் போட்டும் பயனில்லை. எனக்கு முன்னால் வந்தவர் சர்க்யூட் போர்டை மாற்றச் சொல்லி கொட்டேஷனும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

போர்டுக்கு மணி பார்க்கத் தெரியாது. நேரம் பார்த்து வரும் கோளாறென்றால் சூடு, ஈரம், கரண்ட் மூன்றையும்தான் முதலில் சந்தேகிப்பேன். காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். பவர் சப்ளையின் 5 வோல்ட் ஆடாமல் நின்றது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 வோல்ட்டுக்கும் கீழ். ரத்தத்தை அளக்கும் சேம்பர், இருக்க வேண்டிய 37 டிகிரியில். மிச்சம் ஈரம்தான்.

பிஎச் எலக்ட்ரோடின் கண்ணாடி முனைக்கு 100 மெகா ஓம் அளவில் மின்தடை உண்டு. 37 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு அது தருவது 61.5 மில்லிவோல்ட். தமனி ரத்தத்தின் இயல்பான வரம்பு 7.35 முதல் 7.45 வரை, அதாவது வெறும் 6 மில்லிவோல்ட்டுக்குள் இயல்பு நிலை முழுக்க அடங்கிவிடுகிறது. வீட்டு வயரிங்கில் இன்சுலேஷன் 1000 மெகா ஓம் காட்டினால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவோம். இங்கே கனெக்டரில் அதே 1000 மெகா ஓம் வழியாக மின்கசிவு இருந்தால் 61.5 என்பது 56 ஆகிவிடும். சாதாரண மல்டிமீட்டரை எலக்ட்ரோடில் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அந்த மீட்டரின் மின்தடையே 10 மெகா ஓம்தான். 60 மில்லிவோல்ட்டை 5 என்று காட்டும். நல்ல எலக்ட்ரோடு குப்பைக்குப் போகும்.

அதனால் எலக்ட்ரோடைக் கழற்றிவிட்டு, 60 மில்லிவோல்ட்டை நேராக இன்புட்டில் கொடுத்தேன். 60 காட்டியது. அதையே, கண்ணாடி முனைக்குப் பதிலாக ஒரு 100 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தேன். 51. சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் நன்றாகத்தான் இருக்கிறது, வழியில் எங்கோ ஒழுகுகிறது.

டார்ச்சும் லென்ஸும் வைத்துப் பார்த்தபோது கனெக்டரின் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே மெல்லிய வெள்ளைப் பூச்சு. கேலிபரேஷன் திரவம் கசிந்து காய்ந்த உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். இரவில் ஏசியை அணைத்துவிடுகிறார்கள். காலையில் உப்பு நனைந்திருக்கும், ஏசி ஓடி ஓடி பதினொரு மணிக்குக் காய்ந்துவிடும்.

இங்கே பலர் செய்யும் தப்பு, நேராக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது. ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது, பரவத்தான் செய்யும். முதலில் காய்ச்சி வடித்த நீர், பிறகு ஆல்கஹால், பிறகு நன்றாக உலர விட வேண்டும். வெறும் விரல் படக்கூடாது, வியர்வையும் உப்புதான். ரத்தம் பட்ட இடம் என்பதால் கையுறையும் கட்டாயம். (பவர் சப்ளையைத் திறப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கியதும் கை வைக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும்.)

மறுபடி ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தேன். 60.

எலக்ட்ரோடு உட்காரும் இடத்தில், திரவம் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்து தட்டையாகியிருந்தது. மாற்றிக்கொண்டே, கீழே ஈரம் எதுவும் பார்த்தீர்களா என்று டெக்னீஷியனிடம் கேட்டேன்.

“ட்ரேல டெய்லி ஒரு சொட்டு நிக்கும் சார். தொடச்சிடுவேன்.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”