அடுத்த மேசைக்காரர் மேல் ஏன் அத்தனை எரிச்சல்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிறு காலை. தோசையும் தே தாரிக்கும் ஆறிக்கொண்டிருக்க, அடுத்த மேசைக்காரர் தன் மகன் எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் ஒன்பது ஏ வாங்கியதைப் போனில் மூன்றாவது ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன மனுசன், இப்படியா பீத்திக்கிறது" என்று முனகினேன். மனைவி தட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: "நம்ம பாப்பா ரிசல்ட் வந்தன்னிக்கு நீங்க எத்தனை பேருக்குப் போன் போட்டீங்க?"

எனக்குப் பெருமையடிக்கத் தெரியாது என்பது என்னைப் பற்றி நானே வைத்திருக்கும் எண்ணம். அதற்கு ஒத்துவராததை மனம் உள்ளே தள்ளி மூடிவிடும். சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யூங் (1875–1961) அதற்கு வைத்த பெயர் 'நிழல்'. கெட்டது மட்டும்தான் அதில் இருக்கும் என்றில்லை, 'வாயாடாதே' என்று சின்ன வயதில் அடக்கப்பட்ட துணிச்சலும் அங்கே கிடக்கலாம்.

சரி, மூடி வைத்தது ஏன் சும்மா இருக்காமல் அடுத்தவர் மேல் எரிச்சலாக வருகிறது? 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர் மாணவர்களிடம், ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும் என்றார்கள். மணி அடித்தது. அப்புறம் இப்போது நினைக்கலாம் என்று விட்டதும், முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. ஓர் எண்ணத்தை விரட்டும்போது, அது திரும்பி வருகிறதா என்று பார்க்க மனம் ஒரு காவல்காரனையும் நிறுத்திவிடுகிறது என்பது வெக்னரின் விளக்கம். கரடியின் அடையாளம் தெரியாமல் அவன் எப்படிக் காவல் காப்பான்? அதனால் கரடி எந்நேரமும் அவன் நினைப்பில்தான். 1997-இல் உளவியலாளர் லியோனார்ட் நியூமன் குழு இதையே இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தது: தங்களிடம் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு கெட்ட குணத்தை நினைக்காமல் அடக்கியவர்கள், வீடியோவில் வந்த வேறொருவரிடம் அதே குணத்தைத் தூக்கலாகக் கண்டார்கள்.

எல்லா எரிச்சலும் நிழல் இல்லை. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வரிசையில் குறுக்கே புகுந்தவன் மேல் வருவது வெறும் கோபம்தான். காரணம் சின்னதாக, கொதிப்பு பெரிதாக இருந்தால் மட்டும் நான் சந்தேகப்படுவேன்.

அப்படிப்பட்ட கொதிப்புக்கு ஒரு பெயர் வைத்துப் பார்க்கலாம். 2007-இல் மேத்யூ லீபர்மன் குழு மூளையை ஸ்கேன் செய்தபடி கோப முகங்களையும் பயந்த முகங்களையும் காட்டியது. அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது, உணர்ச்சிக்குத் துடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகம் தணிந்தது. நானும் போனில் தட்டினேன்: பெருமை. பொருந்தவில்லை. அழித்துவிட்டு, பொறாமை.

பாப்பா வாங்கியது ஏழு ஏ. அன்று போன் போட்ட ஒருவரிடமும் நான் எண்ணிக்கையைச் சொல்லவில்லை, 'நல்ல ரிசல்ட்' என்று மட்டும்தான் சொன்னேன்.