ஆடு தின்னாத கல்யாணி

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நான் தினமும் கடந்து போகும் தெருவில் ஒரு வீடு பூட்டியே கிடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைப்பு போட வருகிறவர்கள் திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் முகப்புத் திண்ணை ஆடுகளுக்குத்தான். அந்த ஆடுகள் எதையும் விட்டுவைப்பதில்லை. வேலியோரத்து முருங்கைக் கன்று, யாரோ ஆசையாக வைத்த செம்பருத்தி, சுவரில் ஒட்டிய சுவரொட்டி எல்லாம் போயிற்று. ஆனால் காரை பெயர்ந்த சுவர் வெடிப்பில் முளைத்து, சித்திரை வெயிலிலும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை மட்டும் ஒரு ஆடும் வாய் வைப்பதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

ஒரே செடிக்குக் கல்யாணப் பெயரும் சுடுகாட்டுப் பெயரும் இருப்பது விசித்திரம். என்றும் மங்கலமாகப் பூப்பதால் நித்தியகல்யாணி. யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்திலும் தானே முளைத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி. மல்லிகைக்கும் இதற்கும் உறவு இல்லை. அரளி, நந்தியாவட்டை, எருக்கு ஆகியவைதான் இதன் பங்காளிகள். பிறந்த ஊர் மடகாஸ்கர் தீவு, ஆகவே சங்கப் புலவர்கள் இதைப் பார்த்திருக்க வழியில்லை. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கப்பலேறி வந்த ஊரில் இதுவும் கப்பலேறி வந்த வகைதான். கொண்டுவந்தவர் பெயரை மட்டும் எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதிவைக்கவில்லை.

ஆடு ஏன் தொடுவதில்லை என்பதற்கு விடை வெற்றிலைத் தட்டில் இருக்கிறது. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. தட்டில் தனித்தனியே இருக்கும்வரை சிவப்பு என்பதே கிடையாது. மென்ற பிறகுதான் வாய் சிவக்கிறது. நித்தியகல்யாணியின் இலையும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஸ்ட்ரிக்டோசிடின் என்ற பொருளைச் செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பை போன்ற அறையில் அது பூட்டி வைக்கிறது. அந்தப் பொருளை உடைக்கும் நொதி உட்கருவுக்குள் தனியே உட்கார்ந்திருக்கிறது. இலை சும்மா இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. புழுவோ ஆடோ கடித்துச் செல் நசுங்கினால் இரண்டும் கலக்கின்றன, கண்ட புரதத்தையெல்லாம் ஒட்டிப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் நச்சு அந்த இடத்திலேயே பிறக்கிறது. கடிபட்ட இலை ஜாஸ்மோனேட் என்ற சமிக்ஞைப் பொருளையும் எழுப்பும். அதைக் கேட்டு, ஆல்கலாய்டு எனப்படும் நைட்ரஜன் கலந்த தற்காப்புப் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் மேலும் முடுக்கம் பெறும். ஜாஸ்மோனேட் குடும்பத்துப் பொருள் முதலில் மல்லிகை எண்ணெயிலிருந்து பிரிக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. சுடுகாட்டு மல்லிக்கு மல்லிகை உறவு ஒருவழியாகக் கிடைத்தது அதில் மட்டும்தான்.

ஸ்ட்ரிக்டோசிடினிலிருந்து கிளைத்துக் கிளைத்து 130க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளை இந்தச் செடி செய்கிறது. அவற்றில் இரண்டு உலகப் புகழ் பெற்றன. அந்தப் புகழ் வந்த விதம்தான் வேடிக்கை.

1952இல் கனடாவின் டொரன்டோ நகரில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 நித்தியகல்யாணி இலைகள். சர்க்கரை நோய்க்கு அங்கே இந்த இலையைத் தேநீராகக் குடிக்கிறார்கள், பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் அனுப்பியிருந்தார். இந்தக் கிளார்க் நோபிளுக்கும் சர்க்கரை நோய்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1921இல், இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்த பான்டிங் என்ற மருத்துவரின் ஆய்வகத்தில் யார் முதலில் உதவியாளராவது என்று அவரும் சார்லஸ் பெஸ்டும் நாணயம் சுண்டினார்கள். நோபிள் தோற்றார், இன்சுலின் கண்டுபிடிப்பில் பெஸ்ட் பெயர் நின்றது. முப்பது வருடம் கழித்து வந்த இலையை அவர், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார்.

ராபர்ட் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். சர்க்கரை அசையவில்லை. ஊசியாகப் போட்டுப் பார்த்தார். எலிகள் சில நாளில் தொற்று வந்து செத்தன. இலை பயனற்றது என்று குப்பையில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருப்பதை அவர் கவனித்தார். வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள், வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு உதவாதா? சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் அவருடன் சேர்ந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டினை 1958இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் இதே செடியைத் தனியே துருவிக்கொண்டிருந்தது. வின்கிரிஸ்டின் அங்கிருந்து வந்தது, 1963இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கான கூட்டுச் சிகிச்சையில் இன்றும் அதற்கு இடம் இருக்கிறது.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்வது எளிது. வீட்டுக்குப் பூச்சு வேலை நடக்கும்போது சாரம் கட்டுகிறோம், வேலை முடிந்ததும் பிரிக்கிறோம். செல்லுக்குள்ளும் சாரம் உண்டு. டியூபுலின் என்ற புரத உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து இழையாகி, பெரும்பாலும் 13 இழைகள் வட்டமாகச் சேர்ந்து 25 நானோமீட்டர் பருமனுள்ள நுண்குழல் ஆகின்றன. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் இந்தக் குழல்கள்தான் குரோமோசோம்களைப் பிடித்து இரு பக்கமும் இழுத்துப் பங்கு வைக்கின்றன. வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் டியூபுலின் உருண்டையில் போய் ஒட்டிக்கொள்கின்றன, குழல் நீள முடியாமல் போகிறது. சாரம் எழவில்லை, பங்குபிரிப்பு நடக்கவில்லை, நடுவழியில் மாட்டிய செல் செத்துப்போகிறது. ஓயாமல் பிரியும் புற்றுச் செல்கள்தான் அதிகம் அடிபடும். எலும்பு மஜ்ஜையும் முடிவேரும் ஓயாமல் பிரிகிறவைதான் என்பதால் அவையும் அடிபடும். வெள்ளை அணுக்கள் பிறப்பது மஜ்ஜையில், ராபர்ட் நோபிளின் எலிகள் தொற்றில் செத்தது அதனால்தான். நரம்புச் செல் பிரிவதில்லை, ஆனாலும் தப்புவதில்லை. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை ஓடும் நீண்ட நரம்பிழைக்குள் சரக்கு போய்வருகிற தண்டவாளமும் இதே நுண்குழல்தான். ஆகவே வின்கிரிஸ்டின் ஏற்றுகிறவர்களுக்கு விரல் நுனிகள் மரத்துப்போகும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று மருத்துவர்கள் பொதுவாக வரம்பு வைப்பதும் இதற்காகத்தான்.

அந்த 2 மில்லிகிராம் கிடைப்பது லேசு இல்லை. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும், ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் ஒரு வேளை ஊசிக்கு நாலு கிலோ காய்ந்த இலை. இவ்வளவு கஞ்சத்தனம் ஏன்? வின்பிளாஸ்டின் என்பது கதரான்தின், வின்டோலின் என்ற இரண்டு பாதிகள் இணைந்த மூலக்கூறு. இரண்டு பாதியும் செடியில் தாராளமாக இருக்கின்றன. ஆனால் கதரான்தினை இலையின் மேற்பரப்பு மெழுகில் பூசிவிட்டு, வின்டோலினை இலையின் உள்ளே செல்களில் வைத்திருக்கிறது செடி. மாப்பிள்ளை வீடு தேவகோட்டையில், பெண் வீடு ரங்கூனில், கப்பலும் இல்லை என்ற நிலைமை. பெயர்தான் நித்தியகல்யாணி, உள்ளே கல்யாணம் நடப்பது அபூர்வம். அதனால் தொழிற்சாலைகள் இரண்டு பாதியையும் தனித்தனியே பிரித்தெடுத்துத் தாங்களே சேர்த்துவைக்கின்றன. செடி இதைச் செய்யும் முழு வழியில் விடுபட்டிருந்த நொதிகள் 2018இல்தான் பிடிபட்டன. 2022இல் 30க்கும் மேற்பட்ட படிகளை ஈஸ்டுக்குள் புகுத்தி இரண்டு பாதியையும் அதிலேயே செய்துகாட்டினார்கள். அதற்காக இனி இலை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தென் தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் இலைக்கும் வேருக்குமாக இதைப் பயிரிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் எதிர்வீட்டு ஆச்சியிடம் இதையெல்லாம் சொல்லித் தோற்றேன். அவர்கள் சர்க்கரைக்காகக் காலையில் வெறும் வயிற்றில் ஐந்து பூவை மென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். “மருந்துக் கம்பெனியே இதிலிருந்துதானே தம்பி எடுக்கிறது?” என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள எலிகளில் இலைச்சாறு சர்க்கரையைக் குறைத்ததாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டு, ஆகவே ஊர்ப் பேச்சை முற்றிலும் கட்டுக்கதை என்று தள்ள மாட்டேன். ஆனால் இலைக்கு இலை, ரகத்துக்கு ரகம், பருவத்துக்குப் பருவம் இதன் ஆல்கலாய்டு அளவு மாறும். மில்லிகிராம் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நஞ்சை ஐந்து பூ, ஒரு பிடி இலை என்று அளப்பது எப்படி? மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கவும் கூடும். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. “சரி, மூன்று பூவாகக் குறைத்துக்கொள்கிறேன்” என்றார்கள் ஆச்சி.

சாப்பிட வேண்டாம் என்றேனே தவிர வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலுக்கு இதைவிட உழைக்கும் செடி நம் செம்மண்ணுக்குக் கிடையாது. அதைக் கெடுத்ததும் நான்தான். இரண்டு வருடம் முன்பு நர்சரியிலிருந்து பெரிய பூ ரகமாகப் பன்னிரண்டு தொட்டி வாங்கி வளவு முற்றத்தைச் சுற்றி வைத்தேன். ஐப்பசி மழை கூரையிலிருந்து நேரே தொட்டிகளில் கொட்டியது. ஒருநாள் காலையில் ஒரு செடி தொங்கிப்போயிருந்தது, தாகம் என்று நினைத்து இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். கார்த்திகைக்குள் பதினொன்று போயிற்று. பிடுங்கிப் பார்த்தால் மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, வேரின் தோல் கையோடு உருவி வந்தது. பைட்டோப்தோரா. பூஞ்சை போலத் தோன்றும், ஆனால் பூஞ்சை இனம் இல்லை. வாலாட்டி நீந்தும் அதன் வித்துகளுக்குத் தேங்கிய தண்ணீர்தான் சாலை. வேர் அழுகினால் தண்ணீரின் நடுவிலேயே செடி தாகத்தில் வாடும், அதைப் பார்த்து நாம் மேலும் ஊற்றுவோம்.

ஆகவே தொட்டிக்கு ஓட்டை பெரிதாக வேண்டும், மண்ணில் மூன்றில் ஒரு பங்காவது மணல் வேண்டும். மேல்மண் விரலுக்குக் காய்ந்த பிறகு, இலையில் தெறிக்காமல், அடியில் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் கூரைநீர் விழாத இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். உச்சி வெயிலில் இலை ஓரம் உள்ளே சுருண்டால் பதற வேண்டாம், சாயங்காலம் விரிந்துவிடும். விரியவில்லை என்றால்தான் தாகம். நாள் முழுக்க வெயில் படாத இடத்தில் கொடி போல நீண்டு பூவைக் குறைத்துவிடும். நுனியைக் கிள்ளினால் கீழுள்ள மொட்டுகளை அடக்கிவைத்திருந்த ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருளின் பிடி தளர்ந்து பக்கக் கிளைகள் வரும். பூ இலைக்கணுவில்தான் பிறக்கிறது, கிளை கூடினால் பூவும் கூடும். பழைய வீடு இடித்த சுண்ணாம்புக் காரையைத் தொட்டியில் கொட்டாதீர்கள். வெடிப்பில் வளர்கிறதே என்பார்கள், வளர்கிறதுதான், ஆனால் நரம்பு மட்டும் பச்சையாகவும் மீதி இலை மஞ்சளாகவும் இருக்கும். சுண்ணாம்பு மண்ணில் வேரால் இரும்பை எடுக்க முடிவதில்லை.

விதை வேண்டுமானால் ஒரு பூவை முதலில் பிரித்துப் பாருங்கள். குழலைக் குண்டூசியால் நீளவாக்கில் கிழித்தால் வாய்க்குச் சற்றுக் கீழே மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடியிருக்கும். அதன் அடியில் சின்ன மத்தளம் போன்ற சூல்முடி. மகரந்தம் மத்தளத்தின் தலையில் கொட்டுகிறது, ஆனால் ஏற்றுக்கொள்ளும் பகுதி அதன் அடிப்பக்கத்தில். கைக்கெட்டும் தூரம்தான், எட்டுவதில்லை. தேனுக்கு வரும் வண்ணத்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழல், வெளியேறும்போது மத்தளத்தின் பசையில் தோய்ந்து மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. பின் ஒரு பூவுக்கு இரண்டாக, ஆட்டுக்கொம்பு போன்ற காய்கள். பச்சை மாறி மஞ்சளானதும் பறித்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தால் வெடித்துச் சிந்திவிடும். கறுப்பு விதை, ஒரு கிராமில் 700, 800 இருக்கும். எறும்பும் மழைநீரும் அதைச் சுவர் வெடிப்பு வரை கொண்டுபோகின்றன. வெளிச்சம் பட்டால் முளைப்பு குறையும், அதனால் மெல்லிய மண் மூடித் தூவுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் தலைகாட்டும்.

தப்பிய பன்னிரண்டாவது செடியில் போன மாசியில் பூக்கள் பச்சையாக வந்தன. இதழ் என்று இருக்க வேண்டியதெல்லாம் சின்னச் சின்ன இலை. பைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத பாக்டீரியா, பூவாக வேண்டியதை இலையாக மாற்றிவிடுகிறது. கத்தரியின் சிற்றிலை நோயும் எள்ளின் பூ இலையாகும் நோயும் இதே கூட்டம். தத்துப்பூச்சி ஒரு செடியின் சாற்றை உறிஞ்சி அடுத்ததில் இறக்கும். ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாத இந்தப் பாக்டீரியாவை உயிரோடு வைத்திருக்க உலகமெங்கும் ஆய்வாளர்கள் வளர்ப்பது நித்தியகல்யாணியைத்தான். மருந்து கிடையாது, பிடுங்கி எரிக்க வேண்டும்.

பிடுங்கப் போனபோது ஆச்சி வந்து நின்றார்கள். “பச்சைப் பூ புது ரகமா தம்பி? ஒரு கொப்பு ஒடித்துக் கொடு.” ஒட்டினாலும் பதியன் போட்டாலும் நோய் கூடவே வரும் என்று சொல்லி மறுத்தேன். மறுநாள் ஒரு பொட்டலத்தில் நல்ல விதையைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனால், ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் தண்ணீர். தண்ணீரில் பச்சைப் பூவோடு ஒரு கொப்பு.