ஒரு ஃபிளாக் போட்டால் எத்தனை ஃபிளாக் போகும்?

கம்பைலருக்குத் தரும் குறிகள்தான் ஃபிளாக்குகள்; மேக்ஃபைலில் எழுதிய விதிப்படி புரோகிராமைக் கட்டும் கருவி மேக்; சி கம்பைலருக்கான ஃபிளாக்குகளை வைத்திருக்கும் வேரியபிள் சிஃபிளாக்ஸ். 'மேக் சிஃபிளாக்ஸ்=-ஓ3' என்று கமாண்ட் லைனில் அடிப்பவர்கள் பலரும், ஏற்கெனவே இருக்கும் ஃபிளாக்குகளோடு இதுவும் சேரும் என்று நினைக்கிறார்கள். சேராது. குனு மேக்கில் கமாண்ட் லைனில் தரும் மதிப்பு, மேக்ஃபைலில் அதே வேரியபிளுக்குக் கொடுத்த எல்லாவற்றையும் தள்ளிவிடும்; '+=' போட்டுச் சேர்த்தவையும் போய்விடும். 'ஓவர்ரைடு' என்று குறித்த வரிகள் மட்டுமே தப்பும். என்விரான்மென்ட் வழியாகக் கொடுத்தால் நிலைமை வேறு: மேக்ஃபைலில் '=' இருந்தால் அதுவே ஜெயிக்கும், '+=' இருந்தால் இரண்டும் சேரும்.

ஹெடர் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஃபிளாக் போனால் பில்ட் உடனே நின்றுவிடும். அது நல்லதுதான். சத்தமில்லாமல் போகிறவைதான் ஆபத்து. 32-பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஃபைல் அளவைக் குறிக்கும் 'ஆஃப்_டி' என்ற டைப் வழக்கமாக 4 பைட். ஃபைல் ஆஃப்செட் பிட்ஸை 64 ஆக்கும் ஃபிளாக் இருந்தால் 8 பைட். லைப்ரரியை அந்த ஃபிளாக்கோடும் அதை அழைக்கும் புரோகிராமை அது இல்லாமலும் கம்பைல் செய்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பொதுவான ஒரு ஸ்ட்ரக்டில் முதலில் அளவு, அடுத்து ஓர் இன்ட். லைப்ரரி அந்த இன்ட்டை 8-வது பைட்டில் எழுதும், புரோகிராம் 4-வது பைட்டில் தேடும். அங்கே இருப்பது அளவின் மேல்பாதி. ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்கும்வரை அது 0. புரோகிராம் ஒதுக்கியதோ 8 பைட், லைப்ரரி எழுதுவதோ 12. மிச்ச 4 பைட் பக்கத்தில் இருக்கும் வேரியபிளின் மேல் விழும். சி மொழியில், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் பெயரை மட்டுமே பொருத்துகிறது, டைப்பைப் பார்ப்பதில்லை; அதனால் எந்த எச்சரிக்கையும் வராது.

கூட்டுவதாலும் கேடு உண்டு. பில்டுக்கு முன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டும்போதே '-டபிள்யூஎரர்' கொடுத்தால், அந்த ஸ்கிரிப்ட் சோதனைக்காக எழுதும் குட்டி புரோகிராம்களில் வரும் சாதாரண வார்னிங்கும் பிழையாகிவிடும். 'மெம்செட்' போன்ற ஃபங்ஷனே இந்தக் கணினியில் இல்லை என்று அது முடிவுகட்டும். ஜிசிசி கம்பைலரின் 13-க்கு முந்தைய பதிப்புகளில் ஷேர்டு லைப்ரரியை '-எஃப்ஃபாஸ்ட்-மேத்' போட்டு லிங்க் செய்தால், அதை லோடு செய்யும் புரோகிராமிலும் மிகச்சிறிய தசம எண்கள் 0 ஆகிவிடும்.

லைப்ரரிப் பெயர்களை, லிங்கருக்கான ஃபிளாக்குகள் இருக்கும் எல்டிஃபிளாக்ஸில் போடாதீர்கள். மேக்கின் இயல்பு விதியில் அது ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு முன்னால் வரும். ஸ்டாட்டிக் லைப்ரரி என்றால், அதைத் தேடும் ஆப்ஜெக்ட் ஃபைல் வருவதற்குள் லிங்கர் அதைத் தாண்டிப் போயிருக்கும். எல்டிலிப்ஸ்தான் அதற்கான இடம்.

மாற்றும் முன்னும் பின்னும் கமாண்டுகளை ஓட்டாமல் காட்ட மட்டும் செய்யும் 'மேக் -என்' ஓட்டி, இரண்டு வெளியீட்டையும் டிஃப் செய்து பாருங்கள். எது விழுந்தது என்று தெரிந்துவிடும். ஃபிளாக் மாறியதற்காக மேக் எதையும் மறுபடி கம்பைல் செய்யாது, அது பார்ப்பது ஃபைலின் நேரத்தை மட்டுமே. அதனால் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழிக்கும் 'மேக் கிளீன்' முதலில்.