கண்டம் ஆன ரயில் பெட்டி மலையேறும்போது

ஆயுள் முடிந்த ரயில் பெட்டியைப் பணிமனையில் "கண்டம் ஆகிவிட்டது" என்போம். 'கண்டெம்ன்' (condemn) என்ற ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்ததுதான் அது. ஆனால் ஜாதகக் கண்டத்தோடு ஒலியில் ஒன்றிப்போனதால், பெட்டியின் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போடும் கலாசி முதல் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி வரை எல்லார் வாயிலும் அது இயல்பாக வரும். ஜாதகக் கண்டத்துக்குப் பரிகாரம் உண்டு, பணிமனைக் கண்டத்துக்குக் கிடையாது என்றுதான் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் இருந்த காலம் முழுவதும் நினைத்திருந்தேன். ஓய்வுபெற்றுக் குன்னூருக்கு அருகே குடியேறிய பிறகு பார்த்தால், நான் கண்டம் செய்து அனுப்பிய பெட்டிகளின் உடன்பிறப்புகள் என் பின்னாலேயே மலையேறி வருகின்றன. எஸ்டேட் ஓரத்தில் தங்கும் அறையாகவோ தேநீர்க் கடையாகவோ ஒரு பழைய பெட்டியை நிறுத்த வேண்டும் என்று ஆலோசனை கேட்டு வருபவர்கள், "சார், துரு எவ்வளவு இருக்கும், எத்தனை டன் இரும்பு தேறும்?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெட்டியின் மேல் பூசியிருக்கும் பெயின்ட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு அப்படி ஒருவர் அழைத்துப் போனார். சரிவில் கேரட் பாத்தி, அதன் மேல் மட்டமாக்கிய மண்ணில் மூன்று துண்டுகளாக ஒரு ஸ்லீப்பர் பெட்டி. கை கிரைண்டரோடு ஓர் இளைஞர் வெட்டு விளிம்பைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் கைக்குட்டை, அதன் மூக்குப் பகுதி செங்காவி நிறத்தில். குனிந்து அந்த விளிம்பைப் பார்த்தேன். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவதுபோல அடுக்குகள் தெரிந்தன: மேலே நீலம், அதன் கீழே இன்னொரு நீலம், அதற்கும் கீழே பழைய அரக்குச் சிவப்பு, தகட்டை ஒட்டி ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு மெல்லிய கோடு. தூள் முழுவதும் பாத்தியின் மேல் இறங்கியிருந்தது. பனி விழுந்த கேரட் இலைகளில் அது குங்குமம்போல ஒட்டியிருந்தது.

அந்த ஆரஞ்சுக் கோட்டையும் அதிலுள்ள ஈயத்தையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அது அங்கே எப்படி வந்தது என்பதை விளக்க, பெட்டி ஓய்வுபெறும் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

நம் ரயில்களில் கடந்த அறுபது ஆண்டுகளாக ஓடிய பெட்டிகளில் பெரும்பகுதி, 1955-ல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் சுவிஸ் வடிவமைப்பில் உருவானவை. அந்த வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளிவந்தது. அதன் பிறகு அவற்றின் இடத்தில் ஜெர்மன் வடிவமைப்பிலான எல்.எச்.பி. பெட்டிகள் கட்டப்படுகின்றன. சாதாரண எஃகாலான ஐ.சி.எஃப். பெட்டிக்கு விதித்த ஆயுள் 25 ஆண்டுகள். துருப்பிடிக்காத எஃகாலான எல்.எச்.பி.க்கு 35. ஆகவே 1990களின் பெட்டிகள் அண்மை ஆண்டுகளில் கும்பல் கும்பலாக வயது முடிந்து ஒதுங்கியிருக்கின்றன. பெட்டியின் வயதை அறிவது எளிது: அதன் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே கட்டிய ஆண்டு. 95 என்று தொடங்கினால் 1995-ல் பிறந்தது. வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். வியாபாரி சொல்லும் வயதை நம்ப வேண்டியதில்லை.

வயதுக்கு முன்பே சில பெட்டிகள் சாகின்றன. பழைய பெட்டிகளில் முன்பெல்லாம் கழிவறையிலிருந்து கழிவு நேரே தண்டவாளத்தில் விழும். விழுவதற்கு முன் அடிச்சட்டத்தையும் தரைத் தகட்டையும் நனைத்துக்கொண்டே போகும். உப்பும் அமிலமும் சேர்ந்த அந்த ஈரம் தின்றது போக, பல பெட்டிகளில் கழிவறைக்கு அடியிலும் வாசலருகிலும் எஃகு அப்பளம்போல நொறுங்கும். வெளியே பளபளவென்று இருக்கும் பெட்டியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், "டங்" என்பது "தப்" என்று மாறும் இடத்தில் நின்று சாக்குக்கட்டியால் வட்டம் போடுவதுதான் எங்கள் ஆய்வின் பாதி.

கண்டம் ஆனதும் எல்லாம் உடனே காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை. 20 ஆண்டுகள் ஓடிய பெட்டிகளில் ஒரு பகுதியை, இருக்கைகளைக் கழற்றி, சன்னல்களையும் பக்கக் கதவுகளையும் அடைத்து, கார் ஏற்றும் சரக்குப் பெட்டிகளாக மாற்றுவார்கள். சில பெட்டிகள் தண்டவாளப் பணியாளர்களின் முகாம்களாகின்றன. 2020-ல் கொரோனாவுக்காக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை தனிமைப் பிரிவுகளாயின. அண்மைக் காலமாகச் சில நிலையங்களில் உணவகங்களாகவும் நிற்கின்றன. மற்றவற்றிலிருந்து சக்கரங்களும் அச்சுகளும் சுருள் வில்களும் பஃபர்களும் மின்கலங்களும் விசிறிகளும் பிரித்து எடுக்கப்படும்; மின்கலங்களில் ஈயம் இருப்பதால் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் விற்கலாம். இவ்வளவும் போனபின் நிற்கும் வெற்றுக் கூட்டை இணையவழி ஏலத்தில் விடுவார்கள். (வெளியே எல்லாரும் பெட்டியையே "போகி" என்கிறார்கள். எங்களுக்குப் போகி என்பது அடியிலுள்ள சக்கரச் சட்டகம் மட்டும். அதைக் கழற்றிய பிறகு தரையில் கிடப்பதை நாங்கள் "பாடி" என்றே சொல்வோம்.) ஏலம் எடுத்தவர் அதை வெட்டி உருக்காலைக்கு அனுப்பினால், நேற்றுவரை திருவனந்தபுரம் போய்வந்த பெட்டி நாளை வீட்டுக் கூரையில் கம்பியாகக் கிடக்கும்.

மின்கலத்தின் ஈயத்துக்கு விதி இருக்கிறது. அதே பெட்டியின் உடம்பில் பூசிய ஈயத்தைக் கேட்பாரில்லை.

துருவைத் தடுக்கப் பழைய காலத்தில் எஃகின் மேல் முதலில் பூசியது பெரும்பாலும் செந்தூரம் என்று நாம் சொல்லும் ஈய ஆக்சைடு கலந்த பிரைமர், அல்லது துத்தநாகக் குரோமேட் பிரைமர். மேல் பூச்சுகளிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு ஈயக் குரோமேட் நிறமி பரவலாகப் பயன்பட்டது. குரோமேட்டில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. இந்தியாவில் 2016-ல் வந்த விதி வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குக் கட்டுப்படுத்தியது; ஆனால் அது வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கான விதி. தொழிற்சாலைப் பூச்சு அதற்குள் வராது. ரயில் பெட்டி வீடாக மாறும்போது அதன் பெயின்ட்டும் வீட்டுப் பெயின்ட்டாகிவிடுகிறது என்பதை எந்த விதியும் யோசிக்கவில்லை.

பூச்சு ஒட்டியிருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. வெட்டும்போதும் தேய்க்கும்போதும்தான் அது உயிர்பெறுகிறது. ஈயம் 327 டிகிரியில் உருகும். ஏறத்தாழ 500 டிகிரியைத் தாண்டினாலே புகையாக எழத் தொடங்கும். காஸ் கட்டரின் சுடர் ஏறத்தாழ 3,000 டிகிரி சூடானது. சமவெளியிலேயே நடக்கும் வேலையானால் ஒரு முறை வெட்டுவதோடு முடிந்துவிடும். நம் மலைக்கு வரும் பெட்டி அப்படி அல்ல. ஒரு ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21 மீட்டருக்கு மேல், அகலம் மூன்றேகால் மீட்டர். பர்லியாறு தாண்டி வரும் கொண்டை ஊசி வளைவுகளில் அதை முழுதாகத் திருப்ப வழியே இல்லை. எனவே கீழே துண்டுபோட்டு, லாரியில் ஏற்றி, மேலே வந்து மறுபடி வெல்டிங் வைத்து ஒட்டுகிறார்கள். வெட்டும்போது ஒரு புகை, ஒட்டும்போது ஒரு புகை, நடுவே கிரைண்டர் தூள்.

நீலகிரி மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை விளையும் மண் புளிப்பானது. அமில மண்ணில் ஈயம் கரைந்து நகரவும் வேருக்குள் போகவும் வாய்ப்பு கூடுதல். பூமிக்குள் விளையும் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் மூன்றும் மண்ணை ஒட்டிக்கொண்டே வருபவை. சரிவில் விழும் தூள் அங்கேயே நிற்பதும் இல்லை. இரண்டு பருவமழையில் ஏதேனும் ஒன்று அதை ஓடைக்குக் கொண்டுபோகும். குன்னூர் ஆறு இறங்கிச் சேர்வது பவானியில்.

இதில் நான் யாருக்கும் நீதிபதி அல்லன். வேலையில் சேர்ந்த புதிதில், காஸ் வெட்டும் இடத்தில் முகமூடி இல்லாமல் நின்று, மேலங்கியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன்தான் நானும். என் மனைவி அதைக் கைக்குழந்தையின் துணிகளோடு ஒரே வாளியில் ஊறவைத்தார். அது தவறு என்று எனக்குச் சொல்ல அன்று ஆளில்லை. தெரிந்தபோது மகனுக்குப் பன்னிரண்டு வயது. வேலையிடத்து ஈயம் வீட்டுக்கு வரும் வழி பெரும்பாலும் அந்த மேலங்கிதான்.

பெட்டி வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு என் முதல் ஆலோசனை, பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள் என்பதே. ஒட்டியிருக்கும் இடத்தில் அப்படியே விட்டு, மேலே நல்ல புதுப் பூச்சால் மூடிவிடுவது தேய்த்து எடுப்பதைவிடப் பாதுகாப்பானது. வெட்ட வேண்டிய கோட்டில் மட்டும், சூடு படும் இடத்திலிருந்து இருபுறமும் குறைந்தது 4 அங்குலத்துக்குப் பெயின்ட்டை இரசாயன நீக்கியால் ஊறவைத்து ஈரமாகவே வழித்தெடுத்த பிறகுதான் சுடரைக் காட்ட வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி சொல்லும் அளவு அது, நமக்கும் பொருந்தும். முடிந்தால் சுடரே வேண்டாம், ரம்பத்தால் அறுக்கலாம். கைக்குட்டை எதையும் தடுக்காது. ஈயப் புகைக்கு, நுண்துகளைத் தடுக்கும் பி100 வகை வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். தரையில் தார்ப்பாய், வேலை முடிந்ததும் குளியல், மாற்றுடை. உலர்ந்த துடைப்பம் கூடவே கூடாது. வேலையாளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை கோவையில் செய்யலாம்; பெட்டிக்குக் கொடுக்கும் விலையில் அது ஒரு பொருட்டே இல்லை. பழைய ரெக்சினையும் நுரைப்பஞ்சையும் குவித்துக் கொளுத்துவது வேறு நஞ்சு, அதைத் தனியாக எழுத வேண்டும். கூரைத் தகட்டுக்கு உள்ளே வெண்சாம்பல் நிறத்தில் நார் நாராக ஏதாவது தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், தொடாமல் நிறுத்திவிடுங்கள். கட்டட அனுமதி, மலைப்பகுதி விதிகள் என் துறை அல்ல. ஆனால் சக்கரம் இருந்த பொருள் என்பதால் அனுமதி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் மலைக்காரர்களுக்கு ரயில் சாகாது என்ற எண்ணம் வேரூன்றியிருப்பதற்குக் காரணம் உண்டு. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் வந்த மலை ரயிலில், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை இன்ஜின்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாகம் மாற்றி ஓட்டினோம். 2011 முதல் பொன்மலையில் அதே வகையைப் புதிதாகவே கட்டினார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரம் பிடித்து ஏறும் அந்த ரயிலைப் பார்த்துப் பழகிய கண், எந்தப் பழைய பெட்டியைக் கண்டாலும் இன்னொரு நூறு ஆண்டு ஓடும் என்று நினைக்கிறது. ஆனால் அந்த ரயிலைக் காக்கப் பயிற்சி பெற்ற கைகளும் பணிமனையும் இருக்கின்றன. எஸ்டேட்டில் கிடக்கும் துண்டுக்கு இருப்பவர், கைக்குட்டை கட்டிய அந்த இளைஞர் மட்டுமே.

அன்று வேலையை நிறுத்தச் சொன்னேன். "மூணு துண்டும் ஒட்டின பிறகு பாத்துக்கலாமே சார்" என்று உரிமையாளர் தயங்கினார். பெயின்ட் செதிலைக் கோவையில் சோதித்து, அளவு வீட்டுப் பெயின்ட் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருப்பது தெரிந்ததும் மறுபேச்சு பேசவில்லை. பாத்தியிலிருந்த கேரட்டைப் பிடுங்கி, மேல் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு நனைத்து வெட்டி எடுத்தார்கள். ஆறு சாக்கு வந்தது. அபாயக் கழிவைப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஆறு சாக்கு மண்ணுக்காக அங்கே லாரி அனுப்ப யாரும் முன்வரவில்லை. இப்போதைக்கு அவை அந்தப் பெட்டியின் கழிவறைக்குள்ளேயே அடுக்கிப் பூட்டப்பட்டிருக்கின்றன.