இரண்டாங்கட்டுப் பேச்சு

காரைக்குடிப் பக்கத்தில், வள்ளலார் வழியில் நடக்கும் எங்கள் சன்மார்க்க சங்கம். மாதப் பூசத்தன்று ஒரு பழைய வீட்டு முகப்பில் கூடி அகவல் படிப்போம், வந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்போம். ஒரு பூசத்தில் ஆச்சி ஒருவர் தெய்வமணிமாலையிலிருந்து இரண்டு பாட்டுப் பாடினார். சென்னைக் கந்தகோட்டத்து முருகன்மேல் வள்ளலார் பாடியது அது; அவருடைய திருவருட்பாவின் ஆறு திருமுறைகளில் கடைசியான ஆறாவதில் சேராதது. அன்றிரவு சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: "ஆறாம் திருமுறை இருக்க, நம் சபையில் இது தேவையா?"

கேள்வி புதிதல்ல. ஆறாம் திருமுறையே வள்ளலாரின் முடிந்த கொள்கை என்பவர்கள் ஒரு பக்கம், ஆறும் அவர் வாக்குத்தானே என்பவர்கள் மறுபக்கம். வடலூர் சத்திய ஞான சபையில் எப்படி வழிபடுவது என்பதே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எங்கள் முகப்பிலும் இந்தப் பேச்சு எத்தனையோ தடவை வந்து, கஞ்சி அண்டா காலியாகும்போது தானும் முடிந்துபோகும். இந்தத் தடவை ஆறு மாதத்துக்குள் சங்கம் இரண்டாகிவிட்டது. இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள். அதனால்தான் இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன்.

முதல் பொறி, அந்தத் 'தேவையா?'. கேட்டவர் நிஜமாகவே சந்தேகம் கேட்டார். ஆச்சி வீட்டில் அதைக் குத்தலாக வாசித்தார்கள். ஜஸ்டின் குரூகரும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. குரலிலோ மின்னஞ்சலிலோ சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நேராகவும் சொல்ல வேண்டும். எதிரில் உள்ளவர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். 100க்கு 78 தடவை சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் சொன்னபோது 73 தடவை புரிந்தது. மின்னஞ்சலில் 56 தான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வந்துவிடும். எழுதும்போது நம் குரல் நம் காதுக்குள் கேட்கிறது; வாசிப்பவருக்கு அது கேட்பதில்லை.

ஆனால் சங்கத்தை உடைத்தது இந்தச் சண்டையல்ல. சண்டை எல்லார் கண்முன்னும் நடந்தது. ஒரு வாரம் கழித்து, "நம்ம ஆட்கள் மட்டும்" என்று தனித்தனியாக இரண்டு குழுக்கள் முளைத்தன. செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் பேசுவது வந்தவர் போனவர் காதிலெல்லாம் விழும். இரண்டாங்கட்டில் பேசுவது வேண்டியவர்களுக்கு மட்டும். உடைப்பு அங்கேதான் தொடங்கியது.

ஒத்த கருத்துள்ளவர்கள் கூடிப் பேசினால் என்ன ஆகும்? செர்ஜ் மொஸ்கோவிசியும் மரிசா சவலோனியும் 1969இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாரிஸ் பள்ளி மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, பிரெஞ்சுத் தலைவர் டி கோலைப் பற்றியும் அமெரிக்கர்களைப் பற்றியும் பேசவிட்டார்கள். டி கோல்மேல் முன்பே இருந்த மதிப்பு, பேசிய பிறகு கூடியிருந்தது. அமெரிக்கர்கள்மேல் முன்பே இருந்த கசப்பும் கூடியிருந்தது. நடுவில் வந்து நிற்கும் என்று நாம் நினைப்போம். பேச்சு அவர்களை ஏற்கெனவே சாய்ந்திருந்த பக்கமே இன்னும் தள்ளியது.

காரணம் இரண்டு சொல்வார்கள். என்னிடம் இரண்டு நியாயம் இருக்கிறது, உங்களிடம் மூன்று. கூடி உட்கார்ந்தால் ஐந்தும் ஒரே பக்கத்து நியாயம், எதிர்ப்பக்கத்தைச் சொல்ல ஆளில்லை. இன்னொன்று, கொள்கைக்கு உண்மையாக இருப்பது பெருமை என்று கருதும் கூட்டத்தில், பக்கத்தில் இருப்பவரைவிட ஓர் அங்குலமாவது முன்னால் நிற்கத் தோன்றும். பக்தி இயக்கங்களில் இந்த இரண்டாவது காரணம் மிகவும் வலுவானது என்பது என் எண்ணம். "ஆறாம் திருமுறை போதும்" என்பது "மற்றவை கூடாது" ஆனது. அப்புறம் "அதைப் பாடுபவர் சன்மார்க்கியே அல்ல" என்று ஆனது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஓர் அடிதான் வைத்தார்கள். எதிர்ப்பக்கக் குழுவிலும் இதே நடை.

எங்கள் பொது வாட்ஸ்அப் குழுவில் எண்பது பேர். எழுதியது ஏழெட்டுப் பேர். தான் சிறுபான்மை என்று நினைப்பவர் வாய் மூடுவார், அந்த மௌனத்தைப் பார்த்து அடுத்தவரும் மூடுவார் என்று எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இல் எழுதினார். எங்கள் குழுவில் நடுவில் நின்றவர்களே அதிகம், ஆனால் அது அவர்களுக்கே தெரியவில்லை. இரு தரப்பும் அந்த மௌனத்தைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டன.

இதைவிடக் கடுமையான சண்டையை இதே இயக்கம் 1860களிலேயே பார்த்திருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பும் வள்ளலார் தரப்பும், வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று அச்சிட்டு மோதின. கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. ஆனால் ஒரு தரப்பு அச்சிட்டதை மறு தரப்பும் வாங்கி, வரிவரியாக வாசித்துத்தான் மறுப்பு எழுதியது. அது முகப்புச் சண்டை.

அப்படியானால் எதிர்ப்பக்கத்துப் பதிவுகளை வாசிக்கவைத்தால் சரியாகிவிடுமா? கிறிஸ்டோபர் பெயில் குழுவினர் அமெரிக்காவில் ட்விட்டர் பயனர்களை ஒரு மாதம் எதிர்த்தரப்புச் செய்திகளைப் பார்க்கவைத்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் பக்கமே மேலும் இறுகியிருந்தார்கள். முன்பின் தெரியாதவரின் வரி மட்டும் வந்து நின்றால், மனம் அதைத் தாக்குதலாகத்தான் எடுத்துக்கொள்கிறது போலும்.

போன தைப்பூசத்துக்குப் பழநி போகும் காவடிக்காரர்களுக்கும் பாதயாத்திரைக்காரர்களுக்கும் குன்றக்குடி சாலையில் கஞ்சி வார்த்தோம். பெரிய அண்டா ஒரு சங்கத்திடம், அடுப்பு இன்னொன்றிடம்; வேறு வழியில்லாமல் சேர்ந்தே நின்றோம். விறகு தள்ளிக்கொண்டிருக்கும்போது அந்தப் பாட்டுப் பேச்சு மறுபடி வந்தது. அரை மணி நேரம் ஓடியது. குழுவில் ஒரு வரிகூட எழுதாத மூன்று பேர் அன்றைக்குத்தான் வாய் திறந்தார்கள். "எனக்கு இரண்டுமே பிடிக்கும்" என்றார் ஒருவர்.