முள் மட்டும் போதாது, வாயையும் பார்க்க வேண்டும்

சிங்கப்பூரில் காலாங், மரினா பே பக்கம் ஆழமாகத் தோண்டினால் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு களிமண் வரும். எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் அமைக்கும் பொறியாளர்களுக்கு அது பெரிய தலைவலி. அதன் மேல் அடுக்கு, கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறிய பிறகு, சுமார் 10,000 ஆண்டுகளுக்குள் படிந்தது. அலை அடங்கிய கரையோரத்தில் மெல்ல மெல்லப் படியும் இப்படிப்பட்ட களிமண்ணில்தான் டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்டுகளைத் தேடுவார்கள்.

டைனோஃபிளாஜெல்லேட் என்பது ஒரே செல்லால் ஆன மிதவை உயிர். அதற்கு இரண்டு சாட்டையிழைகள் உண்டு. ஒன்று இடுப்பைச் சுற்றி ஓடும் பள்ளத்தில் கிடக்கும், இன்னொன்று பின்னால் நீளும். பல இனங்களுக்குச் செல்லுலோஸ் தகடுகளால் ஆன கவசமும் இருக்கும். செல் இறந்ததும் கவசம் சீக்கிரம் சிதைந்துவிடுவதால் அது பாறையில் தங்குவது அரிது. தங்குவது வேறொன்று. சில இனங்கள் பாலினப் பெருக்கத்துக்குப் பிறகு தடித்த சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டு கடலடியில் போய் உறங்கும். அந்த உறக்கக் கூடுதான் சிஸ்ட். அதன் சுவர் டைனோஸ்போரின் என்ற பொருளால் ஆனது, எளிதில் அழியாது. நல்ல காலம் வந்ததும் உள்ளே இருக்கும் செல் சுவரில் ஒரு வாயைத் திறந்து வெளியேறிவிடும். காலிக் கூடு சேற்றில் தங்கிவிடும்.

அழியாத அந்தச் சுவர்தான் ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது. மண்ணை முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரையும். அடுத்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மணலையும் களிமண்ணையும் கரைக்கும். இது தோலைத் துளைத்து எலும்புவரை போகும் கொடிய அமிலம், தகுந்த ஆய்வகம் இல்லாமல் தொடவே கூடாது. மிஞ்சுவதை மிக நுண்ணிய சல்லடையில் அலசி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள். மகரந்தம், தாவரத் துணுக்குகள் ஆகியவற்றுக்கு நடுவே, ஒரு மில்லிமீட்டருக்குள் இருபது நிற்கும் அளவில், முள் முளைத்த உருண்டைகள் தெரியும்.

இந்த உருண்டைகளை 1830களிலேயே ஜெர்மானியரான எஹ்ரன்பெர்க், சிக்கிமுக்கிக் கல்லின் மெல்லிய சீவல்களில் பார்த்துவிட்டார். ஆனால் அவை எந்த உயிருடையவை என்பது நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெளிவாகவில்லை. முள்ளை மட்டும் வைத்துப் பெயர் சூட்டி, ஹிஸ்ட்ரிகோஸ்பியர் என்ற ஒரே கூடையில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார்கள். 1961இல் அமெரிக்கரான வில்லியம் எவிட் வேறு விதமாகப் பார்த்தார். உருண்டைகளில் இருந்த ஓட்டைகள் தற்செயலான உடைசல் அல்ல. ஒவ்வொரு இனத்திலும் ஓட்டை ஒரே இடத்தில், பெரும்பாலும் ஒரே வடிவத்தில், உயிருள்ள டைனோஃபிளாஜெல்லேட்டின் கவசத் தகட்டுக்குப் பொருந்தும்படி இருந்தது. செல் வெளியேறிய வாய்தான் அந்த ஓட்டை. இதை ஆர்க்கியோபைல் என்கிறார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்பு இதுதான்.

மூன்று சிஸ்டுகளை எடுத்துக்கொள்வோம்: ஒப்பர்குலோடினியம், லிங்குலோடினியம், பாலிஸ்ஃபெரிடியம். மூன்றும் உருண்டை, மூன்றிலும் நிறைய முள். புதிதாகப் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். வாயைப் பாருங்கள். முதலாவதில், முதுகுப் பக்கத்தில் இடுப்புக்கு மேலே உள்ள தகடுகளில் ஒன்று மட்டும் விழுந்திருக்கும். இரண்டாவதில் பல தகடுகள் போயிருக்கும், எத்தனை என்பது கூட்டுக்குக் கூடு மாறும். மூன்றாவதில் இடுப்புக்கு மேலே உள்ள பகுதி முழுவதுமே கழன்றிருக்கும், பாதியாக உடைத்த தேங்காயில் ஒரு மூடியைப் போல. அதற்கப்புறம்தான் முள். லிங்குலோடினியத்தின் முள் கூர்ந்து முடியும். பாலிஸ்ஃபெரிடியத்தின் முள் குழாய் போன்றது, நுனி விரிந்து சின்னப் பற்களுடன் இருக்கும்.

முள்ளின் நீளத்தை வைத்து இனம் பிரிப்பது ஆபத்து. லிங்குலோடினியம் மெக்கேரோஃபோரம் உப்பு குறைந்த நீரில் குட்டை முள்ளோடும் உப்பு மிகுந்த கடலில் நீண்ட முள்ளோடும் வளரும். கருங்கடலில் கிடைத்த குட்டை முள் கூட்டைப் பார்த்ததும் புதிய இனம் என்று அறிவிக்க முடியாது. அதே நீள வேறுபாட்டைக் கொண்டு பழைய கடலின் உப்பை மதிப்பிடலாம் என்பது இதில் கிடைத்த லாபம். முள் எங்கே முளைத்திருக்கிறது என்பதோ பெரிய தடயம். ஸ்பினிஃபெரைட்ஸில் தகடுகள் சந்திக்கும் மூலைகளில் முளைக்கும், ஹிஸ்ட்ரிகோஸ்ஃபெரிடியத்தில் தகட்டின் நடுவில் முளைக்கும். மறைந்துபோன கவசத்தின் வரைபடத்தை அதிலிருந்து மீட்கலாம். சார்லஸ் கோஃபாய்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகடுகளுக்கு வரிசை எண் கொடுத்துவைத்தார், இன்றும் பெரும்பாலும் அந்த முறைதான். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிஸ்ட் கண்ணாடி போல ஊடுருவித் தெரிவதால், குவியத்தைக் கீழே இறக்கினால் அடிப்பக்கம் இடவலம் மாறித் தெரியும். எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று முடிவு செய்யாமல் எண் போட்டால் இனமே தப்பாகிவிடும்.

எல்லாம் ஏற்கெனவே அறிந்த எதற்கும் பொருந்தாவிட்டால்தான் புதிய இனம். வர்ணனை, படம், மாதிரியாக வைக்கும் ஒரே ஒரு சிஸ்ட் ஆகிய மூன்றும் வெளியிடப்பட வேண்டும். பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதிகள் இதற்கும் பொருந்தும்.

பாலிஸ்ஃபெரிடியம் சோகார்யி என்ற இனத்தின் கதை நம் கடலோடு சேர்ந்தது. அதை 1962இல் மார்ட்டின் ரோசிஞோல், இஸ்ரேல் பகுதியின் படிவுகளிலிருந்து புதைபடிவமாக வர்ணித்தார். டேவிட் வாலும் பேரி டேலும் 1969இல் அதே வகைக் கூட்டை உயிருள்ள ஓர் இனத்தோடு இணைத்துக் காட்டினார்கள்: பைரோடினியம் பஹாமென்ஸ், 1906லேயே பஹாமாஸில் பெயர் பெற்ற, இரவில் கடலை ஒளிரவைக்கும் உயிர். அன்றிலிருந்து இந்த ஒரே உயிருக்கு இரண்டு பெயர். புதைபடிவம் பார்ப்பவர் ஒன்றைச் சொல்வார், கடல்நீர் பார்ப்பவர் மற்றதைச் சொல்வார்.

இந்தப் பைரோடினியம்தான் 1976இல் மலேசியாவின் சாபாவில் பெருகி, சிப்பி, மட்டி வழியாக மனிதர்களை முடக்கி, உயிர்களையும் பறித்தது. 1983இல் பிலிப்பீன்ஸிலும் அதுவே நடந்தது. நஞ்சின் பெயர் சாக்ஸிடாக்சின், நரம்புகளைத் தாக்கும். ஆகவே சேற்றில் சோகார்யி கூடுகளை எண்ணுவது, ஒரு கரையில் அந்த உயிர் முன்பே வாழ்ந்ததா அல்லது அண்மையில் கப்பல்கள் தொட்டிகளில் சுமந்துவரும் நீரோடு வந்ததா என்று அறியும் ஒரு வழி. உலகெங்கும் கப்பல் வரும் சிங்கப்பூருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. வாயும் முள்ளும் இனத்தைச் சொல்லும், அந்தக் கூட்டிலிருந்து வெளியேறிய செல்லிடம் நஞ்சு இருந்ததா என்று சொல்லாது. அதற்கு இன்னும் திறக்காத கூடுகளைச் சேற்றிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் பொரிக்கவைத்து, வளரும் செல்களில் நஞ்சைச் சோதிக்க வேண்டும்.