ஆறும் உப்பும் போட்ட பாதை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள பவல் பள்ளத்தாக்கில் தென்மேற்காக நடந்தால், வலப்புறம் கம்பர்லேண்ட் மலை மதில் சுவர் மாதிரி கூடவே வரும். வெள்ளைப் பாறைகள் எனப்படும் வெளிறிய செங்குத்துப் பாறைகள் உயரத்தில் கண்ணுக்குப் பட்டால், மலையைக் கடக்கும் கம்பர்லேண்ட் கணவாய்க்கு இன்னும் ஒரு நாள் நடைதான். 18-ஆம் நூற்றாண்டில் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு அதுதான் அடையாளம்.

அவர்கள் போன பாதைக்கு 'வில்டர்னஸ் ரோடு' என்று பெயர். 1775-இல் டேனியல் பூன் என்ற வேட்டைக்காரர் வெட்டியது என்று சொல்வார்கள். ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நில வணிகருக்காக, சுமார் 30 ஆட்களோடு மார்ச்சில் கிளம்பிய பூன், ஏப்ரல் தொடக்கத்தில் கென்டக்கி ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். ஏறத்தாழ 320 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர். கன்னிக் காட்டில் கோடரியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வெட்ட முடியாது. பாதை முன்பே இருந்தது. பெரும்பாலும் அவர்கள் புதரைக் கழித்து, மரப்பட்டையைச் செதுக்கி அடையாளம் வைத்துக்கொண்டே போனார்கள்.

அப்படியானால் முதலில் போட்டது யார்? தண்ணீர். இந்த மலையின் முதுகு கெட்டியான மணற்பாறை. ஆனால் ஓரிடத்தில் பூமிக்குள் ஏற்பட்ட பிளவு பாறையை நொறுக்கி வைத்திருந்தது. பழைய ஓடை ஒன்று அந்தப் பலவீனமான இடத்தை அரித்து இறங்கியது. பிறகு ஓடை திசை மாறிவிட, பக்கத்து உச்சியைவிட ஏறத்தாழ 250 மீட்டர் தாழ்ந்த வாசல் மட்டும் மிஞ்சியது. அதுதான் கம்பர்லேண்ட் கணவாய்.

அதைத் தாண்டினால் மிடில்ஸ்பரோ என்ற வட்டமான சமவெளி. மலைக்கு நடுவே இவ்வளவு தட்டையான நிலம் எப்படி வந்தது? 30 கோடி ஆண்டுகளுக்குள் எப்போதோ ஒரு விண்கல் விழுந்து உண்டான பள்ளம் அது! அப்புறம் பைன் மலை குறுக்கே நிற்கிறது. அதைக் கம்பர்லேண்ட் ஆறு அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. மூன்றும் அடுத்தடுத்து அமைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

சரி, வாசல் இருந்தால் போதுமா? போக ஒரு காரணமும் வேண்டும். இலைதழை தின்னும் விலங்குக்குத் தீனியில் கிடைக்கும் சோடியம் போதாது. கென்டக்கியிலோ நிலத்தடி உப்புநீர் பல இடங்களில் ஊற்றாகக் கசிகிறது. பைசன் என்ற காட்டெருது மந்தைகள் அந்த மண்ணை நக்கப் போய்வந்தே தடத்தை அகலமாக்கின. பிக் போன் லிக் என்ற உப்பு ஊற்றருகே மாஸ்டடோன், மாமூத் என்ற அழிந்துபோன யானை போன்ற விலங்குகளின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. பனியுகத்திலேயே இந்த இழுப்பு இருந்திருக்கிறது. அந்தத் தடங்களில் ஷானி, செரோக்கி பழங்குடி மக்கள் வேட்டைக்கும் வணிகத்துக்கும் போருக்கும் நடந்தார்கள். 'போர்வீரர் பாதை' என்ற பெயர் அப்படி வந்தது.

ஹெண்டர்சன் 1775-இல் செரோக்கித் தலைவர்களிடம் நிலம் வாங்கியபோது, டிராகிங் கனூ என்ற இளந்தலைவர் கடுமையாக எதிர்த்தார். பின்னாளில் வர்ஜீனியா அரசே அந்தக் கிரயம் செல்லாது என்றது. அதற்குள் பாதை நிரம்பிவிட்டது. 1810-க்குள் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் கணவாயைக் கடந்தார்கள். அவர்களில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களும் உண்டு. வண்டி போகும்படி பாதை அகலமானது 1796-இல்தான். அதுவரை பொதிக்குதிரையும் நடைப்பயணமும்தான்.

1996-இல் மலையைக் குடைந்து இரட்டைச் சுரங்கப்பாதை திறந்தார்கள். கணவாயின் மேல் கிடந்த தார்ச்சாலையைப் பெயர்த்தெடுத்து, மண்ணைப் பழைய மேடுபள்ளத்துக்குத் திருத்தி, மரக்கன்று நட்டார்கள். இப்போது அங்கே கார் போக முடியாது.